%எஸ் இடத்தில் நல் வந்தால்: அந்த வார்னிங்கை அணைக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். லினக்ஸில் சாதனங்களைக் கவனித்துக்கொண்டு பின்னணியில் ஓடும் ஒரு டீமன், சி-யில் எழுதிய பழைய கோட். ஜிசிசி கம்பைலரின் 8-ஆம் பதிப்பை விட்டுப் புதியதற்கு மாறியதும், "'%எஸ்' டைரக்டிவ் ஆர்க்யுமென்ட் இஸ் நல்" என்று 14 வார்னிங். அதாவது, ஸ்ட்ரிங்கை அச்சிடச் சொல்லும் %எஸ்-க்கு, எதையும் காட்டாத நல் பாயிண்டர் போகிறது. வார்னிங்கை எரராக எண்ணும் ஃப்ளாகும் போட்டிருப்பதால் பில்ட் நின்றுவிட்டது. "இத்தனை வருடம் ஒழுங்காக ஓடிய கோட்தானே, இதை எழுப்பும் ஃபார்மேட்-ஓவர்ஃப்ளோ வார்னிங்கை மொத்தமாக அணைத்துவிடலாமா? இல்லை, நல் வரக்கூடிய இடத்திலெல்லாம் ஒரு காலி ஸ்ட்ரிங்கைக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டு, மாதிரிக்கு நான்கு இடங்களின் கோடையும் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். அதிலும் இரண்டாவது யோசனை முதலாவதைவிட மோசம். அணைத்தால் பழைய பிழை பழையபடி இருக்கும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு காலி ஸ்ட்ரிங் போட்டால் புதுப் பிழை ஒன்று பிறக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கலைச்சொல் பட்டியல்களில் 'வெற்று' என்று இருக்கிறது. ஆனால் 'வெற்றுச் சரம்' என்றால் ஒன்றுமே எழுதாத ஸ்ட்ரிங்கா, ஸ்ட்ரிங்கே இல்லாத பாயிண்டரா என்று தெரியாது. இங்கே முழுச் சிக்கலும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. டப்பா இருக்கிறது, உள்ளே சர்க்கரை இல்லை என்பது ஒன்று. டப்பாவே இல்லை என்பது வேறு. அதனால் முதலாவதைக் காலி ஸ்ட்ரிங் என்றும், இரண்டாவதை நல் என்றும் எழுதுகிறேன். தமிழ் எழுத்தில் அதற்கு இவ்வளவு நல்ல பெயர் அமைந்துவிட்டது, 'பாயிண்டர் நல்லாக இருக்கிறது' என்றால் பாராட்டு மாதிரி கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடம் வராத வார்னிங் இப்போது ஏன் வருகிறது? பழைய ஜிசிசியில், அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்புக்கு நேரடியாக நல் என்றே எழுதிக் கொடுத்தால்தான் கம்பைலரின் முன்பகுதி கண்டுபிடிக்கும். கோடை மேலோட்டமாகப் படிக்கும்போது கண்ணில் பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2017-ல் வந்த ஜிசிசி 7, அச்சிடாமல் நினைவகத்தில் எழுதும் எஸ்பிரிண்ட்எஃப் வகை ஃபங்ஷன்களுக்கு, கோடை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் கட்டத்தில் ஒரு சோதனையைச் சேர்த்தது. 2019-ல் வந்த ஜிசிசி 9, %எஸ்-க்கு நல் போகிறதா என்ற சோதனையைச் சாதாரண பிரிண்ட்எஃப்புக்கும் அந்தக் கட்டத்துக்கே நகர்த்தியது. 'இதுவும் பிரிண்ட்எஃப் மாதிரிதான்' என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃபார்மேட் அட்ரிப்யூட் கொடுத்து வைத்திருக்கும் நம்முடைய சொந்த லாக் ஃபங்ஷன்களும் இதில் அடக்கம். லினக்ஸ் கர்னலிலும், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிலும் இந்த வகை வார்னிங்குகளைத் திருத்தும் பேட்ச்கள் அப்போது வந்தன. உங்கள் கோட் மாறவில்லை, அதைப் படிக்கும் கண்தான் கூர்மையாகியிருக்கிறது.

ஆப்டிமைசேஷன் கட்டத்தில் நடப்பதால் வார்னிங் வரும் விதமும் மாறுகிறது. உங்கள் முதல் இடத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெயர்களைத் தமிழாக்கி, சாரத்தை மட்டும் எழுதுகிறேன்:

சீரியல் = பண்பு_எடு(சாதனம், "ஐடி_சீரியல்");
இஃப் (சீரியல்)
    அட்டவணையில்_சேர்(சீரியல்);
(நடுவில் இருபது வரி)
லாக்("சாதனம் %எஸ் தயார்", சீரியல்);

'சீரியல் நல்' என்று கம்பைலருக்கு யார் சொன்னது? நீங்கள்தான். இரண்டாவது வரியில் 'சீரியல் இருந்தால்' என்று கேட்டீர்கள். அப்படியென்றால் இல்லாமலும் போகலாம் என்று அர்த்தம். ஜிசிசி அந்த இஃப்பிலிருந்து இரண்டு பாதைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடைசிவரை தனியாக ஓட்டிப் பார்க்கிறது. இதை ஜம்ப் த்ரெடிங் என்பார்கள். ஒரு பாதையில் சீரியல் நிச்சயம் நல். அந்தப் பாதை நேராக லாக் வரியில் போய் முட்டுகிறது. அந்த இஃப்பை எடுத்துவிட்டால் வார்னிங் போய்விடும், ஏனென்றால் கம்பைலருக்குச் சந்தேகப்படக் காரணம் இருக்காது. ஆனால் நல் வருவது நின்றுவிடாது. இந்தத் 'திருத்தத்தை' நான் ஒன்றுக்கு மேற்பட்ட கோட் ரிவ்யூவில் பார்த்திருக்கிறேன். மழை பெய்கிறதா என்று சொல்லும் ஜன்னலைச் சாத்திவிட்டு, மழை நின்றுவிட்டது என்பது போல.

ஆக, இந்த வார்னிங் வரும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த பாயிண்டரைப் பற்றி கோட் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது, எது உண்மை? ஓரிடத்தில் 'இல்லாமலும் இருக்கலாம்', இன்னோரிடத்தில் 'கட்டாயம் இருக்கும்'. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. பதில் தெரிந்துவிட்டால் எந்தத் திருத்தம் என்பதும் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும்.

"அதனால் என்ன, லாக்கில் அடைப்புக்குறிக்குள் நல் என்று அச்சாகும், அவ்வளவுதானே" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு வருகிறேன். இதைப் பலரும் சொல்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சி ஸ்டாண்டர்டின்படி %எஸ்-க்குப் போவது ஒரு எழுத்து வரிசையின் தொடக்கத்தைக் காட்டும் பாயிண்டராக இருக்க வேண்டும். நல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. லினக்ஸின் சி லைப்ரரிகளான ஜிலிப்சி, மஸ்ல் இரண்டும் அடைப்புக்குறிக்குள் நல் என்று அச்சிடுவது அவர்கள் காட்டும் தயவு. ஜிலிப்சியின் தயவுக்கும் எல்லை உண்டு. "%.3எஸ்" என்று அதிகபட்சம் மூன்று எழுத்து எனக் கட்டுப்பாடு வைத்தால், அந்த ஆறு எழுத்து உள்ளே பிடிக்காது என்று ஒன்றுமே அச்சிடாமல் விட்டுவிடும். சன் நிறுவனத்தின் சோலாரிஸ் யூனிக்ஸில் நேராகக் கிராஷ். அப்படி விழும் பழைய புரோகிராம்களை எப்படியாவது ஓடவைக்க, பூஜ்ஜியம் முகவரியில் ஒரு பக்கத்தை மாட்டிவிடும் தனி லைப்ரரியே சன் கொடுத்து வைத்திருந்தது.

சோலாரிஸ் யாரிடம் இருக்கிறது என்பீர்கள். சரி, ஜிலிப்சியிலேயே இருப்போம். "%எஸ்" என்பதற்குப் பின்னால் ஒரு புதுவரி எழுத்தை மட்டும் சேர்த்து, பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஜிசிசி அந்த அழைப்பையே புட்ஸ் என்ற ஃபங்ஷனுக்கான அழைப்பாக மாற்றிவிடும். அது எளிமையானது, வேகமானது. ஆனால் புட்ஸுக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது, நல் கொடுத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது கிராஷ்தான். எனக்கு இது நேரில் நடந்தது. ஒரு டீமனில் டீபக் வரி ஒன்று பல மாதங்களாக நல், நல் என்று அச்சிட்டுக்கொண்டு கிடந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பையன் 'லாக் எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வருகிறது' என்று அந்த ஒரு வரியில் புதுவரியைச் சேர்த்தான். டீமன் எழுந்த வேகத்தில் விழுந்தது. "ஸ்லாஷ் என் சேர்த்ததற்கா கிராஷ் ஆகும்?" என்று அரை நாள் எல்லோரும் அவன் மெஷினைச் சந்தேகப்பட்டோம். பாவம், அவன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

கர்னலுக்குள் கதை வேறு. அங்கே அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்கே தானே பார்த்துக்கொள்கிறது. முன்பெல்லாம் முதல் பக்கத்துக்குள் இருக்கும் எந்த முகவரியையும் நல் என்றே அச்சிடும். 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, சரியாகப் பூஜ்ஜியம் என்றால் நல் என்றும், பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கும் கெட்ட முகவரி அல்லது எரர் எண்ணைச் சுமக்கும் பாயிண்டர் என்றால் ஈஃபால்ட் என்றும் பிரித்துக் காட்டுகிறது. டீபக் செய்பவருக்கு இந்த வித்தியாசம் தங்கம். ஆனால் அது அச்சிடும்போது மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு. அதே பாயிண்டரை ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப்புக்குக் கொடுத்தால் ஊப்ஸ், அதாவது கர்னல் பிழைதான்.

இதைவிட வேடிக்கை மைக்ரோகன்ட்ரோலரில். கார்டெக்ஸ்-எம் சிப்களில் பூஜ்ஜியம் முகவரி தடை செய்யப்பட்ட இடமே கிடையாது. அங்கேதான் சிப் தொடங்கும்போது படிக்கும் வெக்டர் டேபிள் இருக்கிறது, அதன் முதல் சொல் ஸ்டாக்கின் தொடக்க முகவரி. எஸ்டிஎம்32எஃப்103-ல் 20 கேபி ரேம் உள்ள வகையை எடுத்துக்கொண்டால் அது வழக்கமாக 0x20005000. எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன் ஆனதால் நினைவகத்தில் முதல் பைட் 00, சி-யில் ஸ்ட்ரிங் முடிந்தது என்பதற்கான அடையாளம். ஆக, நல் பாயிண்டரை ஸ்ட்ரிங்காகப் படித்தால் கச்சிதமாக ஒரு காலி ஸ்ட்ரிங் கிடைக்கும்! கிராஷ் இல்லை, குப்பை எழுத்து இல்லை, ஒன்றும் இல்லை. பிழை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஸ்டாக்கை வேறிடத்தில் தொடங்கும்படி யாராவது லிங்கர் ஸ்கிரிப்டை மாற்றினால், அன்றைக்குத் திரையில் விசித்திரமான எழுத்துகள் வரும். இது புதுக் கதையும் இல்லை. வாக்ஸ் கணினிகளில் ஓடிய பிஎஸ்டி யூனிக்ஸில் பூஜ்ஜியம் முகவரியைப் படிக்க முடியும், அங்கே பூஜ்ஜியமே இருக்கும். அதனால் நல்லும் காலி ஸ்ட்ரிங்கும் ஒன்று என்று நம்பி எழுதிய புரோகிராம்கள் ஏராளம். அவற்றை வேறு இயந்திரங்களுக்கு எடுத்துப் போனவர்கள் பட்ட பாடு தனி.

சரி, திருத்தத்துக்கு வருவோம். முதல் இடத்தில், சீரியல் இல்லாத சாதனம் உண்மையிலேயே உண்டா? உண்டு. லூப் டிவைஸுக்கு அந்தப் பண்பு இருக்காது. விர்ச்சுவல் மெஷினில் விர்ட்ஐஓ டிஸ்க்குக்கு சீரியல் கொடுக்காமல் விட்டாலும் இருக்காது. சாதன விவரங்களைத் தரும் யுடெவ் லைப்ரரி அந்த நேரத்தில் நல் தருவது அதன் முறையான பதில், அது பிழை இல்லை. ஆகவே 'இல்லாமலும் இருக்கலாம்' என்பதுதான் உண்மை, லாக் வரிதான் தவறு. அங்கே நல் என்றால் என்ன அச்சிட வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்து எழுத வேண்டும்.

இதற்கு சிஸ்டம்டியின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். அதில் மூன்று குட்டி ஃபங்ஷன்கள் உண்டு. ஸ்ட்ர்எம்ப்டி நல் வந்தால் காலி ஸ்ட்ரிங் தரும்; ஸ்ட்ர்நல் அடைப்புக்குறிக்குள் நல் என்று தரும்; ஸ்ட்ர்என்ஏ 'பொருந்தாது' என்பதற்கான அந்த 'என் ஸ்லாஷ் ஏ'-வைத் தரும். ஒவ்வொன்றும் ஒரே வரிதான். மூன்று எதற்கு, ஒன்று போதாதா என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த இடத்தைப் படிப்பவருக்கு மூன்றும் மூன்று சேதி சொல்கின்றன. ஸ்ட்ர்என்ஏ என்றால் 'இது இல்லாமல் இருப்பது சகஜம், பயனருக்குக் காட்டுகிறோம்'. ஸ்ட்ர்நல் என்றால் 'இது டீபக் செய்பவருக்கு, உள்ளதை உள்ளபடி காட்டு'. உங்கள் டீமனிலும் இப்படி இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் ஒட்டி வரும் அந்தக் குறுக்கு வடிவம் வேலை செய்யும் என்றாலும், லாக் வரிக்கு உள்ளேயே அதை எழுதாதீர்கள். பத்து இடத்தில் பத்து விதமாக 'அன்நோன்', 'நன்', 'கோடு' என்று வரும், பிறகு லாக்கில் தேடுவது எப்படி? ஃபங்ஷனாக வைத்தால் ஒரே சொல்லைத் தேடினால் போதும்.

இப்போது இரண்டாவது இடம். எனக்கு நிஜமாகவே பயம் தந்தது இதுதான். அமைப்புக் கோப்புகள் இருக்கும் டைரக்டரியின் பெயரையும், இன்ஸ்டன்ஸ் பெயரையும் "%எஸ்/%எஸ்" என்று சேர்த்து ஒரு பாதையை உருவாக்குகிறீர்கள். இன்ஸ்டன்ஸ் பெயர் நல்லாக இருக்கலாம். பிறகு அந்தப் பாதையில் இருப்பதைச் சுத்தம் செய்யும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள்.

இங்கே ஸ்ட்ர்எம்ப்டி போட்டால் வார்னிங் ஒழியும். பாதை என்ன ஆகும்? டைரக்டரி பெயர், ஒரு ஸ்லாஷ், அதற்குப் பின் ஒன்றுமில்லை. அதாவது மேல் டைரக்டரியே. ஒரு இன்ஸ்டன்ஸைச் சுத்தம் செய்யப் போய் எல்லா இன்ஸ்டன்ஸும் காலி. கற்பனை என்று நினைக்காதீர்கள். 2015 ஜனவரியில், லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் கிளையன்ட்டின் ஷெல் ஸ்கிரிப்டில் இதே வடிவப் பிழை வெளிவந்தது. ஒரு மாறியின் மதிப்பு காலியாகிப்போக, அதையும் ஒரு ஸ்லாஷையும் ஒரு நட்சத்திரக் குறியையும் சேர்த்து அழிக்கச் சொன்ன வரி, கணினியின் ரூட் டைரக்டரியிலிருந்தே அழிக்கத் தொடங்கியது. ஷெல்லில் இல்லாத மாறியும் காலி மாறியும் சாதாரணமாக ஒரே மாதிரி நடந்துகொள்ளும். சி-யில் நமக்கு அந்த வித்தியாசம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது, நல் என்று தனியாக. அதை நாமே காலி ஸ்ட்ரிங்காக மாற்றிக் கெடுத்துக்கொள்வானேன்?

அப்படியே விட்டாலும் சரியில்லை. ஜிலிப்சியின் தயவால் அடைப்புக்குறியோடு நல் என்ற பெயரில் ஒரு டைரக்டரி உருவாகும். ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் அப்படி ஒரு டைரக்டரியை நான் பார்த்திருக்கிறேன், உள்ளே மூன்று மாத டேட்டா. பெயர் கிடைக்காத எல்லா சாதனங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக அங்கேயே எழுதிக்கொண்டிருந்தன. எது யாருடையது என்று பிரிக்கவே முடியவில்லை.

எனவே மனிதர் படிப்பதற்காக மட்டும் போகும் ஸ்ட்ரிங் என்றால் மாற்றுச் சொல் போடலாம். பாதை, அட்டவணையின் சாவி, ஒப்பீடு, இன்னொரு புரோகிராமுக்குப் போகும் ஆர்க்யுமென்ட் என்று இயந்திரம் பயன்படுத்தும் இடத்துக்குப் போனால் மாற்றே கூடாது. எரர் எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு வெளியே வாருங்கள். இன்ஸ்டன்ஸ் பெயர் இல்லாவிட்டால் பாதையே இல்லை, அழிப்பதும் இல்லை. விதிவிலக்கும் இருக்கிறது: புரோகிராம்களுக்கு இடையே சேதி அனுப்பும் டி-பஸ்ஸுக்கான எஸ்டி-பஸ் லைப்ரரியில், ஸ்ட்ரிங்காக நல் கொடுத்தால் அதைக் காலி ஸ்ட்ரிங்காகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அது ஆவணத்தில் எழுதி வைத்த ஒப்பந்தம். நாம் வார்னிங்கை ஒழிக்கக் கண்டுபிடித்தது இல்லை.

மூன்றாவது இடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். 'பெயர் இல்லை' என்று இஃப் போட்டு உறுதி செய்துகொண்டு, உள்ளே "தவறான பெயர்: %எஸ்" என்று அதே பெயரை அச்சிடுகிறது. எல்லோர் கோடிலும் இது ஒன்றாவது இருக்கும், என்னுடையதிலும் இருந்தது. பெரும்பாலும் எரர் பாதை. சோதனையில் ஓடியே இருக்காது. அந்த %எஸ்-ஐ எடுத்துவிட்டு, யார் கூப்பிட்டார்கள், எந்தச் சாதனத்துக்காக என்று உருப்படியான ஒன்றை அச்சிடுங்கள்.

அதே ஃபங்ஷனுக்கு நான்நல் அட்ரிப்யூட் போடச் சொல்லி உங்கள் சக ஊழியர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது இருபக்கமும் கூரான கத்தி. 'இந்த ஆர்க்யுமென்ட் நல்லாக வராது' என்று நாம் கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கிறோம். அதற்குத் தெரிகிற வரை, நல் கொடுக்கும் அழைப்புகளைப் பிடித்து அது வார்னிங் தரும். ஆனால் ஃபங்ஷனுக்குள் நாம் எழுதிய நல் சோதனையை 'வராத ஒன்றுக்கு எதற்குச் சோதனை' என்று தூக்கியும் எறிந்துவிடும். ஜிசிசி 6-லிருந்து அப்படிச் சோதித்தால் அதற்கும் தனியாக ஒரு வார்னிங் வருகிறது. ஓடும்போது எங்கிருந்தோ நல் வந்தால் தடுக்க ஆள் இருக்காது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கர்னல்காரர்கள் மறக்காத உதாரணம் 2009-ல் நடந்தது. 2.6.30 கர்னலில், விர்ச்சுவல் நெட்வொர்க்குக்கான டன் டிரைவரில் ஒரு ஃபங்ஷன், டன் பாயிண்டர் வழியாக முதல் வரிகளிலேயே ஒரு உறுப்பை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் 'டன் நல்லா' என்று சோதித்தது. ஜிசிசி என்ன நினைத்தது? 'ஏற்கெனவே அதன் வழியாகப் படித்தாயிற்று, அப்படியென்றால் அது நல் இல்லை, பின்னால் உள்ள சோதனை வீண்.' சோதனை மறைந்தது. பூஜ்ஜியம் முகவரியில் தன் பக்கத்தை மாட்டிக்கொள்ள வழி கண்டவர்களுக்கு அது ரூட், அதாவது முழு நிர்வாக உரிமைக்கான கதவாகிவிட்டது. பாதுகாப்புப் பிழைகளின் சிவிஇ பட்டியலில் சிவிஇ-2009-1897 என்று தேடினால் கிடைக்கும். அதற்குப் பிறகு கர்னல், நல் சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் ஃப்ளாகோடுதான் கம்பைல் ஆகிறது. ஏவிஆர், எம்எஸ்பி430 போன்ற சின்ன சிப்களுக்கு ஜிசிசி தானாகவே அந்த ஆப்டிமைசேஷனை அடியோடு நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் டீமன் அந்த இரண்டு பாதுகாப்பும் இல்லாத சாதாரண யூசர்ஸ்பேஸ் புரோகிராம், கர்னலுக்கு வெளியே ஓடுவது.

அதனால் என் வழக்கம் இது. ஒரே கோப்புக்குள் கூப்பிடப்படும் ஸ்டாடிக் ஃபங்ஷன் என்றால் நான்நல் வேண்டாம், நுழையும் இடத்தில், நிபந்தனை பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் அசர்ட் போதும். அது மனிதருக்கும் சொல்கிறது, கம்பைலருக்கும் சொல்கிறது. அந்தப் பாதை அங்கேயே முடிந்துவிடுவதால் கீழே வார்னிங்கும் வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரிலீஸ் பில்டில் என்டிபக் போட்டால் அசர்ட் காணாமல் போகும், வார்னிங் திரும்பி வரும். "டெவலப்பர் மெஷினில் வரவில்லை, ரிலீஸில் மட்டும் வருகிறது" என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான். லைப்ரரியாக வெளியே கொடுக்கும் ஃபங்ஷன் என்றால் அசர்ட்டும் வேண்டாம். இன்னொருவர் புரோகிராமைக் கொல்ல நமக்கு உரிமை இல்லை. சோதித்து எரர் எண்ணைத் திருப்பிக் கொடுங்கள்.

பொய் வார்னிங் வராதா? வரும். ஓடும்போது பிழை பிடிக்கும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரைப் போட்டு பில்ட் செய்தால், அது நுழைக்கும் சோதனைகளே புதுப் பாதைகளை உண்டாக்கி, நிஜத்தில் நடக்காத நல்லைக் காட்டலாம். லிங்க்-டைம் ஆப்டிமைசேஷனில் பல கோப்புகளின் ஃபங்ஷன்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, சம்பந்தமில்லாத வரி எண்ணோடு வார்னிங் வரும். அப்படிப் பொய் என்று உறுதியான இடத்தில் மட்டும், கம்பைலருக்கான கட்டளையான பிராக்மா போட்டு அடக்குங்கள், ஏன் என்று ஒரு வரிக் குறிப்போடு. கூப்பிடும் இடத்திலேயே கரைந்துவிடும், அதாவது இன்லைன் ஆன ஃபங்ஷனுக்குள் இருக்கும் பிராக்மாவைப் பழைய ஜிசிசி சில நேரம் மதிக்காது. அப்போது ஃபங்ஷனை இன்லைன் ஆகாமல் தடுப்பது ஒரு வழி. சானிடைசர் பில்டுக்கு மட்டும் வார்னிங்கை எரராக்கும் ஃப்ளாகை எடுத்துவிடுவது அதைவிட எளிய வழி, நான் அதைத்தான் செய்வேன். மாறாக, ஜிசிசி 10-லிருந்து இருக்கும் அனலைசர் ஃப்ளாகை ஒருமுறை தனியாக ஓட்டிப் பாருங்கள். மெமரி ஒதுக்கீடு தோற்றால் நல் எங்கெல்லாம் போகும் என்று படிப்படியாக வழி காட்டும். மெதுவாக ஓடும், சத்தமும் அதிகம், தினசரி பில்டில் வைக்க லாயக்கில்லை.

நான்காவது இடம் உதவிச் செய்தி. புரோகிராம் கூப்பிடப்பட்ட பெயர் இருக்கும் ஆர்க்வி பூஜ்ஜியத்தில் கடைசி ஸ்லாஷைத் தேடி, கிடைத்தால் ஒரு எழுத்து தள்ளி, அதை "பயன்பாடு: %எஸ்" என்று அச்சிடுகிறது. முழுப் பாதையோடு கூப்பிட்டால் சரியாக இருக்கும். பாத் என்ற என்விரான்மென்ட் மாறி வழியாக வெறும் பெயரோடு கூப்பிட்டால் ஸ்லாஷே இல்லை, தேடிய ஃபங்ஷன் நல் தரும். சிஸ்டம்டி யூனிட்டில் முழுப் பாதை எழுதியிருப்பதால் இத்தனை நாள் தெரியவில்லை. ஸ்லாஷ் இல்லாவிட்டால் ஆர்க்வி பூஜ்ஜியத்தையே அச்சிடு என்று ஒரு எல்ஸ் போட்டால் வார்னிங் தீர்ந்தது.

ஆனால் அந்த ஆர்க்வி பூஜ்ஜியமே நல்லாக வரலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஜிசிசி இதைச் சொல்லாது. எக்செக்விஇ-க்குக் காலி ஆர்க்யுமென்ட் பட்டியல் கொடுத்து ஒரு புரோகிராமைத் தொடங்க லினக்ஸ் நெடுங்காலம் அனுமதித்தது. அப்போது ஆர்க்யுமென்ட்டுகளின் எண்ணிக்கையான ஆர்க்சி 0, ஆர்க்வி பூஜ்ஜியம் நல், அதற்கு அடுத்த இடத்தில் என்விரான்மென்ட் மாறிகள் தொடங்கிவிடும். ஒரு புரோகிராமை ரூட் போன்ற வேறொரு பயனராக ஓட்டித்தரும் பிகேஎக்செக், ஆர்க்யுமென்ட்டுகளை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது, ஒன்றாவது இருக்கும் என்று நம்பி. 2009-லிருந்து உள்ளேயே இருந்த அந்தப் பிழையை குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்டபோது, சாதாரணப் பயனர் யாரும் ரூட் ஆகலாம் என்ற நிலை. சிவிஇ-2021-4034, பிவின்கிட் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு 5.18 கர்னலிலிருந்து, காலிப் பட்டியல் வந்தால் கர்னலே ஒரு காலி ஸ்ட்ரிங்கை முதல் இடத்தில் வைத்துவிடுகிறது. உங்கள் டீமன் பழைய கர்னல் உள்ள பெட்டிகளிலும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே மெயினின் முதல் வரியிலேயே ஆர்க்சி ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் வெளியேறிவிடுங்கள். யார் ஓட்டினாலும் உரிமையாளரின் உரிமையோடு ஓடும்படி செட்யுஐடி பிட் போட்ட உதவி பைனரி ஒன்றும் உங்கள் பேக்கேஜில் இருந்தால், இதை முதலில் அங்கே போடுங்கள், மற்ற வார்னிங்குகளை நாளைக்குப் பார்க்கலாம்.